ஃபோமா, சுவரா, கதவா, இரைச்சலா? டாக்டர் அறைப் பேச்சு வெளியே கேட்காமல் இருக்க எது உதவும்

மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். திருச்சியில் ஒரு மனநல மருத்துவரின் கிளினிக். வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர், அவர்களோடு நானும், கையில் டேப்பும் நோட்டுமாக. மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே டாக்டரம்மா யாரிடமோ பேசுவது முணுமுணுப்பாகக் கேட்டது, வார்த்தை புரியவில்லை. திடீரென்று கரண்ட் போனது. ஃபேன் மெல்லச் சுற்றி நின்றது. "மாத்திரைய நிறுத்தி எத்தனை நாளாச்சு? வீட்டுக்காரருக்குத் தெரியுமா?" என்ற கேள்வி பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி வந்து விழுந்தது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

கரண்ட் வந்தது, ஃபேன் ஓடியது, வார்த்தைகள் மறைந்தன. அதே சுவர், அதே கதவு, அதே குரல். மாறியது வெளியே இருந்த இரைச்சல் மட்டும்தான்.

கிளினிக், சின்ன அலுவலகம் என்று உள்வேலை செய்து கொடுப்பவன் நான். அன்று என்னைக் கூப்பிட்டது ஃபோம் ஒட்டுவதற்கு விலை சொல்லத்தான். ஏதோ ஒரு வீடியோவில் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரெல்லாம் கூம்பு கூம்பாக ஃபோம் ஒட்டியிருப்பதை டாக்டரம்மா பார்த்திருக்கிறார். "தம்பி, அதே மாதிரி நாலு சுவருக்கும் ஒட்டிடுங்க, சத்தம் வெளிய போகாது" என்றார். இந்த வேலைக்குக் கூப்பிடுகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: ஃபோமைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஏனென்று சொல்ல ஒரு சின்னக் கணக்கு போதும். சத்தத்தை டெசிபல் என்ற அலகில் அளப்பார்கள். சாதாரணமாகப் பேசும் குரல் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 60 டெசிபல். காது மந்தமான பாட்டியிடம் பேசும்போது 65-ஐத் தாண்டும். நடுவில் இருக்கும் தடுப்பு 25 டெசிபலைப் பிடித்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டியிடம் பேசிய 65-இல் பெஞ்சுக்கு மிச்சம் 40 வந்து சேரும். ஃபேன் ஓடி 45 டெசிபல் இரைச்சல் இருந்தால் அந்த 40 அதில் மூழ்கிவிடும். ஃபேன் நின்று ஹால் 30-க்கு இறங்கினால் பேச்சு 10 டெசிபல் மேலே நிற்கும், ஒரு வார்த்தை தப்பாது. ஆக, பேசும் சத்தம், நடுத்தடுப்பு, கேட்பவர் பக்கத்து இரைச்சல் என்ற மூன்றில் எதைத் தொட்டாலும் பலன் உண்டு. எதைத் தொட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் ஃபோம். இது குறைப்பது அறைக்கு உள்ளே சுற்றிச் சுற்றி வரும் எதிரொலியை. 1895-இல் ஹார்வர்டில் ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் பேசினால் ஒன்றும் புரியவில்லை, ஒரு சொல் அடங்க ஐந்தரை வினாடி ஆகிறது என்று வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் தெரு அடங்கிய ராத்திரிகளில் சாண்டர்ஸ் தியேட்டரின் நாற்காலி மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்று அளந்தார். இன்றுவரை நாம் போடும் கணக்கு அவருடையதுதான்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம். கவனியுங்கள், அவருக்கு வந்த சிக்கல் அறைக்குள் இருப்பவருக்குப் புரியவில்லை என்பது. நமக்கோ வெளியில் இருப்பவருக்குப் புரிகிறது என்பது.

டாக்டரம்மாவின் அறை 3 மீட்டருக்கு 3.6, உயரம் 3. தரை டைல்ஸ், சுவர் வழுவழுப்பான பெயின்ட். மேசை, ஆட்களையும் சேர்த்து உறிஞ்சும் பரப்பு 4 சதுர மீட்டர் தேறினால் அதிகம். எதிரொலி 1.3 வினாடி. நல்ல பேனல் 8 சதுர மீட்டர் ஒட்டினால் அது அரை வினாடிக்கு இறங்கும், அறை இதமாகிவிடும். ஆனால் உள்ளே சத்தத்தின் அளவு குறைவது 4 டெசிபல். பெஞ்சுக்கும் அதே 4 டெசிபல்தான், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இத்தனை காசுக்கு நாலு! (முட்டை அட்டை ஒட்டினால் அதுகூட இல்லை. மலிவு பாலியூரித்தேன் ஃபோம் வேறு தீப்பிடித்தால் விஷப்புகை கக்கும், நோயாளிகள் உட்காரும் இடத்தில் அதை நான் ஒட்டவே மாட்டேன். துணி சுற்றிய கண்ணாடிக் கம்பளிப் பலகையோ பாலியெஸ்டர் பலகையோதான்.)

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரொலி அடங்கிய அறையில் வயதானவர்களுக்கு டாக்டர் சொல்வது சட்டென்று புரியும், இரண்டாம் தடவை கத்திச் சொல்ல வேண்டியிருக்காது. அந்த வகையில் ஃபோமுக்கும் பங்கு உண்டு.

அடுத்தது சுவர். இதில் எடைதான் ராஜா. ஒரு சுவரின் எடையை இரட்டிப்பாக்கினால் கூடுதலாக 5, 6 டெசிபல் கிடைக்கும். அதனால்தான் பழைய வீடுகளின் பூசிய ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரை எதுவும் எளிதில் அடித்துக்கொள்ள முடியாது, 50 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். நாலரை இஞ்ச் சுவர் அதற்குக் கொஞ்சம் கீழே. இப்போது எல்லோரும் கட்டும் ஏஏசி கல் (உள்ளே காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல்) எடை குறைவு என்பதாலேயே விற்கிறது. அதே காரணத்தால் சத்தத்துக்கு அதே தடிமன் செங்கலைவிட இளைத்தது. ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் இருபக்கமும் ஒற்றைப் பலகை, நடுவில் வெறும் காற்று என்றால் 35-ஐ ஒட்டி. உள்ளே ராக் வூல், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிய கம்பளி, அடைத்தால் 40-க்கு மேல். இருபக்கமும் இரட்டைப் பலகை போட்டு ராக் வூலும் வைத்தால் 50-ஐத் தொடும். எடை குறைவாக இருந்தும் செங்கலுக்குப் பக்கத்தில் வருவதற்குக் காரணம், இரண்டு பக்கத்துப் பலகைகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதுதான். இதெல்லாம் ஆய்வகத்தில் அளந்த கணக்கு; நம் சைட்டில் ஐந்தாறு குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரீஷியன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே இடத்தில் ஸ்விட்ச் பாக்ஸ் வெட்டிவிட்டால் இன்னும் குறையும்.

கண்ணாடி பார்ட்டிஷனைப் பற்றி ஒரு வரி போதும். கண்ணாடி கெட்டிதான், ஆனால் சட்டமில்லாத கண்ணாடிக் கதவைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி விட்டே மாட்டுகிறார்கள். மனநல கிளினிக்குக்கு வேண்டாம்.

சரி, அப்படியானால் நல்ல சுவர் கட்டிவிட்டால் முடிந்ததா? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பெஞ்சைப் பார்த்த அந்த முகப்பின் பரப்பு கிட்டத்தட்ட 10 சதுர மீட்டர். அதில் கதவு 2 சதுர மீட்டர்: உள்ளே வெற்றிடமான ஃபிளஷ் டோர், தடுப்பு 20 டெசிபல். கதவுக்குக் கீழே 12 மில்லிமீட்டர் இடைவெளி, மாப் போட வசதி என்று ஆசாரி விட்டது. சுவர் 50 டெசிபல் தடுத்தாலும், இந்தக் கதவும் இடைவெளியும் சேர்ந்து மொத்த முகப்பையும் 25-க்கு இழுத்துவிடும். ஓட்டைக்குடத்தில் தண்ணீர் மொண்ட கதை. கதவை உள்ளே கெட்டிக் கட்டை வைத்த கதவாக மாற்றி, நிலையைச் சுற்றி ரப்பர் பீடிங், கதவை மூடினால் தானே கீழிறங்கித் தரையைத் தொடும் டிராப் சீல் போட்டால் கதவு 30-க்கு வரும். அப்போது சுவர் வெறும் 40 ஆக இருந்தாலும் மொத்தம் 35-ஐத் தாண்டும். அதே கதவோடு சுவரை 50-க்கு உயர்த்துங்கள்: கூடுதலாகக் கிடைப்பது 1 டெசிபல் சொச்சம். கதவை விட்டுவிட்டுச் சுவருக்குச் செலவழிப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் நோட்டில் போட்டுக் காட்டுவேன்.

இடைவெளி இன்னொரு விதத்திலும் துரோகி. பேச்சில் சத்தம் உயிரெழுத்தில் இருக்கிறது, சொல்லைப் பிரித்துக் காட்டும் வேலையில் பெரும்பங்கு மெய்யெழுத்துக்கு. கடை, தடை, நடை, படை, வடை: முதல் மெய்யை எடுத்துவிட்டால் எல்லாமே 'அடை'. மெய்யெழுத்துகளின் ஒலி மெலிசு, கீச்சு அதிகம். சுவர் அதைத்தான் முதலில் விழுங்கும். அதனால்தான் சுவருக்கு அப்பால் குரல் கேட்டாலும் வார்த்தை புரிவதில்லை. கதவிடுக்கு அந்தக் கீச்சொலியை அப்படியே வெளியே விட்டுவிடும். ராத்திரி அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் எங்கெல்லாம் கசிகிறதோ அங்கெல்லாம் பேச்சும் கசிகிறது.

வெளிச்சத்தில் சிக்காத ஒரு வழியும் உண்டு: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே. பார்ட்டிஷனை சீலிங் வரை ஏற்றி நிறுத்திவிடுவார்கள், அதற்கு மேலே இருக்கும் கான்கிரீட் ஸ்லாப் வரை போவதில்லை. மேலே நாலு அறைக்கும் ஒரே பொதுவெளி. மெல்லிய சீலிங் ஓடு வழியே ஏறி, அந்தப் பக்கம் இறங்கிவிடும் பேச்சு. டாக்டரம்மாவின் அறையில் அந்த ஓடு ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன், டார்ச் அடித்தால் ரிசப்ஷன் ட்யூப்லைட்டின் முதுகு தெரிந்தது. சிக்கனக்காரர்கள் சிலர் ஒரே ஏசியை இரண்டு அறைக்கும் ஓட்ட பார்ட்டிஷனின் தலையிலேயே ஜன்னல் வெட்டுவார்கள். அவர்களுக்கு நான் எந்த விலையும் சொல்வதில்லை.

சீல் போட்ட கதவுக்கு ஒரு குறை உண்டு: காற்றோட்டம் போய்விடும். இருமல், காய்ச்சலோடு ஆட்கள் வந்து போகும் அறையில் வெளி ஜன்னல் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்காமல் கதவை இறுக்கக் கூடாது. கீழே மரக்கட்டை வாசற்படியும் வைக்காதீர்கள், சக்கர நாற்காலி ஏறாது. டிராப் சீலை நான் பரிந்துரைப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

கடைசியாக இரைச்சல். பலருக்கு இது கேலியாகத் தெரிகிறது. "சத்தத்தைக் குறைக்கக் கூப்பிட்டா சத்தம் போடறேங்கறீங்களே!" ஆனால் அன்று அந்த ஃபேன் செய்த வேலை இதுதான். காற்று வீசுவது போன்ற சீரான ஓசையை ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியே காத்திருக்கும் ஹாலில் 42, 45 டெசிபலுக்கு ஓட விட்டால், தப்பி வரும் மெய்யெழுத்துகள் அதில் கரைந்துவிடும். 48-ஐத் தாண்டினால் எரிச்சல் வரும், ஜனங்களும் குரலை உயர்த்திவிடுவார்கள். ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வரும் 'உஸ்' போன்ற வெள்ளை இரைச்சல் வேண்டாம். கீச்சுப் பக்கம் சரிந்து இறங்கும் மென்மையான ஓசைதான் காதுக்கு ஒத்துவரும். டிவியும் பக்திப் பாடலும் இதற்கு ஈடாகாது. பாட்டில் இடைவெளி வரும், அந்த இடைவெளியில் சரியாக டாக்டரின் குரல் வரும்.

ஸ்பீக்கர் கேட்பவர் பக்கம் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் இதை டாக்டரின் மேசைக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள். இரைச்சலுக்கு மேலே பேச அவர் குரலை உயர்த்தியதுதான் மிச்சம். அப்புறம், இன்வெர்ட்டர் லைனில் இல்லாவிட்டால் கரண்ட் போன நிமிடத்தில் பழைய கதைதான்.

2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பின் 8-ஆம் பகுதியில் ஒலிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் ரகசியத்தை உரிமையாகவே சொல்கிறது. ரிசப்ஷனில் ஃபைலைப் பூட்டி வைக்கிறார்கள், கதவைப் பற்றி யாரும் நினைப்பதில்லை.

டாக்டரம்மாவிடம் நான் சொன்ன வரிசை: முதலில் பெஞ்சைக் கதவுக்கு எதிரிலிருந்து எடுத்து ஹாலின் கடைசிக்குத் தள்ளுங்கள், அதற்குச் செலவில்லை. இரண்டாவது கதவு. மூன்றாவது பார்ட்டிஷனை ஸ்லாப் வரை ஏற்றி ராக் வூல் அடைப்பது. நான்காவது ஹாலில் ஸ்பீக்கர். சீலிங்குக்குக் கீழே இருக்கிற ஜிப்சம் சுவரை அப்படியே விடலாம். ஃபோம் பட்ஜெட்டில் மிச்சமிருந்தால் நோயாளியின் நாற்காலிக்குப் பின்னால் இரண்டு பலகை. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "ஃபோம் விக்க வந்தவர்னு நினைச்சேன்" என்றார்.

வேலை முடிந்த ஞாயிற்றுக்கிழமை ஃபேனை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரையும் போடாமல், சோதித்தோம். நர்ஸம்மா உள்ளே செய்தித்தாளைச் சத்தமாக வாசிக்க, நான் பழைய இடத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காதில் விழுந்த சொற்களை எழுதினேன். வேலைக்கு முன்னால் இதே சோதனையில் ஒரு பக்கம் நிரம்பியிருந்தது. இந்தத் தடவை மூன்று சொல், அதில் இரண்டு தப்பு. மூன்றாவது எப்படி வந்தது என்று தேடியதில், கதவு நிலைக்கு மேலே காலிங் பெல் ஒயருக்காகப் போட்ட ஓட்டை. சிலிக்கான் ட்யூப் வண்டியிலேயே இருந்தது.