ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் ஒலித்த உலக நாடுகள் பாடல்

தன் நான்கு வயது மகளுக்கு ‘யாக்கோஸ் வேர்ல்டு’ பாடலைப் போட்டுக் காட்டலாமா என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். என் மகள் அந்தப் பாடலை முதன்முதலில் கேட்டபோது அவளுக்கும் நான்கு வயதுதான். இப்போது பத்து ஆகிறது. ஆறு ஆண்டுகள் அதனோடு வாழ்ந்த பிறகும் ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை என்பதால், விரிவாகவே எழுதுகிறேன்.

1993இல் வெளிவந்த ‘அனிமேனியாக்ஸ்’ கார்ட்டூன் தொடரில் யாக்கோ என்ற பாத்திரம் உலக வரைபடத்தின் முன் கையில் குச்சியோடு நின்றுகொண்டு, நாடுகளின் பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கிப் பாடும் பாடல் என்று சொன்னால் பலருக்கும் நினைவு வரும். எழுதியவர் ராண்டி ரோகெல். பாடிய குரல் ராப் பால்சனுடையது. மெட்டு, மெக்சிகோவின் புகழ்பெற்ற நாட்டுப்புற நடன இசையான ‘ஹராபே தபதியோ’வினுடையது.

அந்த மெட்டைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பெயர்கள் மெட்டுக்குள் திணிக்கப்பட்டவையாக இல்லாமல், அந்தத் தாளத்துக்காகவே பிறந்தவை போல உட்கார்ந்திருக்கின்றன. அடிகளின் இறுதியில் வரும் ஒலி ஒற்றுமை அடுத்த பெயரைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறது. சொற்களை மனப்பாடம் செய்வதற்கென்றே நிகண்டுகளைச் செய்யுளில் இயற்றி வைத்த மொழிக்காரர்களுக்கு இந்த உத்தி புதியதன்று. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம்கூடச் சேர்த்துப் பேசத் தெரியாத வயதில், லீக்டன்ஸ்டைனையும் மொரிட்டானியாவையும் என் மகள் நா பிறழாமல் சொன்னாள். ஒருநாள் தொலைக்காட்சிச் செய்தியில் புருண்டி என்ற பெயர் காதில் விழுந்ததும், விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று தலையைத் தூக்கி, “அம்மா, இது என் பாட்டில் வருகிற நாடு” என்றாள். புருண்டி என்ற பெயரை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். தெரிந்தவர் வீட்டுப் பெயரைக் கேட்டது போல அவள் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு, சென்ற மாதம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆப்பிரிக்காவின் எல்லைக்கோடுகள் மட்டும் அச்சிட்ட தாளில் நாடுகளின் பெயர்களை நிரப்பிவர வேண்டும் என்று பள்ளியில் கொடுத்திருந்தார்கள். மகள் மெல்லிய குரலில் பாடிக்கொண்டே நிரப்பினாள். பெனினைச் சரியான இடத்தில் எழுதியவள், அதை ஒட்டி வடமேற்கே இருக்கும் புர்கினா ஃபாசோவின் மேல் ‘தஹோமி’ என்று எழுதினாள். தஹோமி என்பது பெனினின் பழைய பெயர், 1975இலேயே மாற்றப்பட்டுவிட்டது. 1993இல் வந்த பாடலோ இரண்டையும் இரண்டு நாடுகளைப் போலத் தனித்தனியே சொல்கிறது. அல்ஜீரியாவைச் சொன்ன பிறகு அதன் தலைநகரான அல்ஜியர்ஸையும் தனியாகச் சொல்கிறது. அவள் அதற்கும் ஓர் இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

அதைவிட என் மனத்தை வருத்தியது, கண்டத்தின் தெற்கு முனை. லெசோத்தோவின் சிறிய வட்டத்துக்குள் பெயரை அழகாக எழுதிவிட்டு, அதைச் சுற்றியிருந்த பெரும் நிலப்பரப்பை வெறுமையாக விட்டிருந்தாள். “இந்த மூலைக்குப் பாட்டில் ஒன்றும் வரவில்லையே, அம்மா” என்றாள். உண்மைதான். லெசோத்தோவை நான்கு புறமும் சூழ்ந்திருக்கும் தென்னாப்பிரிக்காவின் பெயர் அந்தப் பாடலில் இல்லை. மலேசியா உண்டு, தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் சிங்கப்பூர் இல்லை. ரஷ்யா உண்டு, உக்ரைன் இல்லை. சுமத்ரா, போர்னியோ, கிரீட் ஆகிய தீவுகளும், ருமேனியாவின் ஒரு பகுதியான டிரான்சில்வேனியாவும் நாடுகளின் வரிசையில் வந்து நிற்கின்றன. ஆசியா என்ற கண்டத்தின் பெயரே நாடுகளுக்கு நடுவில் ஓரிடத்தில் ஒலிக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டும் என்று என்னை நானே நிறுத்திக்கொள்கிறேன். அது பாடநூல் அன்று, சிரிக்க வைப்பதற்காக எழுதப்பட்ட பாடல். சோவியத் ஒன்றியம் 1991இல் பதினைந்து நாடுகளாகப் பிரிந்திருந்த, யூகோஸ்லாவியா உடைந்துகொண்டிருந்த காலத்தில் நாடுகளின் பட்டியலைப் பாட்டாகக் கட்டுவது எளிய வேலை அன்று. கார்ட்டூன் ஒன்றை வரைந்து முடிப்பதற்குள்ளேயே எல்லைகள் மாறிவிடக்கூடும். பாடலில் ஒரே நாடாக வரும் செக்கோஸ்லோவாக்கியா, 1993ஆம் ஆண்டின் முதல் நாளில்தான் இரண்டாகப் பிரிந்தது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஏமன் விஷயத்தை என்னால் விட முடியவில்லை. ஜெர்மனி ஒன்றாகிவிட்டதைத் தனியே குறிப்பிட்டுப் பாடும் அதே பாடல், சில அடிகள் தள்ளி ஏமன்களை இரண்டு என்கிறது. இரு ஏமன்களும் இணைந்தது 1990 மே மாதத்தில். இரு ஜெர்மனிகளும் இணைந்தது அதே ஆண்டு அக்டோபரில். பின்னால் நடந்தது தெரிந்திருக்கிறது, முன்னால் நடந்தது தெரிந்திருக்கவில்லை. சிறுவர் பாடல்தானே, ஏழை நாடுதானே என்று விட்டுவிட்டார்களோ என்ற எண்ணம் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் எழுகிறது. அந்த எண்ணம் தவறாகவும் இருக்கலாம்.

பழைய பெயர்களைத் திருத்திவிடலாம். திருத்த முடியாதது ஒன்று உண்டு, ஆறு ஆண்டுகளாக எனக்கு உறுத்தலாக இருப்பதும் அதுவே. பாடல் பெயர்களின் வரிசையைத் தருகிறது, இடத்தைத் தருவதில்லை. காபோன் எங்கே இருக்கிறது என்று கேட்டால், மகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பகுதியின் தொடக்கத்திலிருந்து பாடிக்கொண்டே வந்து, எகிப்து, பெனின், காபோன் என்று முடித்துவிட்டு, எகிப்துக்குப் பக்கத்தில் என்பாள். இலங்கைக்கு அடுத்தது நியூகினி என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தாள். யாக்கோவின் குச்சி வரைபடத்தைத் தொட்டுக் காட்டுகிறது என்பது உண்மையே. ஆனால் அது போகும் வேகத்துக்குக் குழந்தையின் கண் ஈடுகொடுப்பதில்லை. தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ் நிலத்தின் எல்லையைச் சொல்லும்போது வேங்கடம் வடக்கே, குமரி தெற்கே என்று திசையோடு சொல்லிவிடுகிறது. இரண்டே பெயர்கள்தாம், ஆனால் கேட்டவரின் மனத்தில் ஒரு நிலப்படம் விரிந்துவிடுகிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஓடி மறையும் இந்தப் பாடலில், திசை என்ற ஒன்றே இல்லை.

அந்தத் தாளுக்குப் பிறகு, பெரிய உலக வரைபடம் ஒன்றை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரில் ஒட்டி, பாடலின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஓடவிட்டேன். குரல் இழுத்துக்கொண்டு ஒலித்தாலும், அவளுடைய விரல் ஒவ்வொரு நாட்டையும் தொட நேரம் கிடைத்தது. தொட இடமில்லாத பெயர்களை வரைபடத்தின் கீழே ஒரு தாளில் எழுதி வைத்தாள். ஸயர், 1997இல் காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆனது. ஸ்வாசிலாந்து, 2018இல் எஸ்வாட்டினி ஆனது. பர்மா, கம்பூச்சியா, செக்கோஸ்லோவாக்கியா எனத் தாள் நிறைந்தது. ஒரு நாடு எப்படி அம்மா இல்லாமல் போகும் என்று அவள் கேட்க, இரண்டு மாலைகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பிழையில்லாத பட்டியலாக இருந்திருந்தால் அந்தப் பேச்சு எங்களுக்குள் நடந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் நண்பருக்கு, “இப்போது வேண்டாம்” என்றே பதில் எழுதினேன். நான்கு வயதில் ஒரு வாரத்தில் ஏறியதை இறக்கி வைக்க, பத்து வயதில் ஒரு மாதம் போதவில்லை; தாளத்தோடு பதிந்துவிட்ட தஹோமி, அழித்து எழுதிய பிறகும் அவள் வாயில் முதலில் வருகிறது. முதலில் வரைபடத்தைச் சுவரில் மாட்டுங்கள், குழந்தை அதில் நாலைந்து நாடுகளைத் தானாகக் கண்டுபிடிக்கட்டும், பாட்டு அதன் பிறகு வரட்டும் என்று சேர்த்துக்கொண்டேன்.

அதைப் பக்கத்திலிருந்து படித்த மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பாட்டு இல்லாவிட்டால் எனக்குப் புருண்டி தெரிந்திருக்குமா?” என்று கேட்டாள். தெரிந்திருக்காது என்றுதான் சொன்னேன். எழுதிய பதிலை மாற்றவில்லை.