மஞ்சள் சீட்டு, நீலச் சீட்டு: இணைய வெண்பலகையுடன் நான்கு ஆண்டுகள்

2021 மே மாத ஊரடங்கில், வேறு வழியில்லாமல் எங்கள் குழு இணைய வெண்பலகைக்கு, அதாவது எல்லோரும் அவரவர் ஊரிலிருந்தே வண்ணச் சீட்டுகளில் எழுதி ஒட்டும் பொதுத் திரைக்கு, மாறியது. கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற சிறிய நிறுவனம் எங்களுடையது. சென்னையில் ஐந்து பேர், கோவையில் நான்கு பேர், திருநெல்வேலியிலும் ஹைதராபாத்திலும் வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் இருவர். வாரம் ஒரு முறை, புதன்கிழமை காலை, புது யோசனைகளுக்கான கூட்டம். நான்கு ஆண்டுகளுக்கு மேலாக அதே பலகைதான்.

பலகையின் வசதிகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மடிக்கணினியில் அருமை. கைப்பேசியில் திறந்தால் சீட்டு எங்கேயோ ஓடுகிறது, விரல் வேறெங்கோ ஓடுகிறது. இணையம் மந்தமானால் எழுதியது இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். இதெல்லாம் பழகிவிடும்.

முன்பு காணொளியில் மட்டும் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் பேச, பத்துப் பேர் காத்திருப்போம். முறை வருவதற்குள் பாதிப் பேருக்குச் சொல்ல நினைத்தது மறந்துவிடும். மீதிப் பேர், "நான் சொல்ல வந்ததை அண்ணனே சொல்லிவிட்டார்" என்று ஒதுங்கிக்கொள்வார்கள். கூடிப் பேசினால் யோசனை பெருகும் என்ற எண்ணத்தைப் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். தனித்தனியாக எழுதியவர்களின் பட்டியலை ஒன்றுசேர்த்தால், கூடிப் பேசியவர்களைவிட அதிக யோசனைகள் தேறின. 1987இல் டீல், ஸ்ட்ரோபே என்ற இரு உளவியலாளர்கள் காரணத்தையும் காட்டினார்கள்: முறைக்காகக் காத்திருப்பதே பெரிய தடை.

பலகை அந்த வரிசையை ஒழித்தது. எட்டு நிமிடம் டைமர், யாரும் பேசக் கூடாது, பெயரில்லாமல் எழுதலாம். ஏழெட்டு யோசனை வந்த இடத்தில் முப்பதுக்கு மேல் வரத் தொடங்கியது. கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு பயிற்சி ஊழியர் ஒன்பது சீட்டு எழுதியிருந்தார் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

சிக்கல் வந்தது நிறத்தால்.

எந்த ஊரிலிருந்து வந்த யோசனை என்று பிறகு பிரித்துப் பார்க்க வசதியாக இருக்குமே என்று சென்னைக்கு நீலம், கோவைக்கு மஞ்சள் என்று நான்தான் ஏற்பாடு செய்தேன். வீட்டிலிருந்து வேலை செய்யும் இருவரில் ஹைதராபாத்துக்கு நீலம், திருநெல்வேலிக்கு மஞ்சள். எண்ணிக்கை கணக்காக வரட்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. கடைக்காரர்கள் ஏன் சரக்கு இருப்பைப் பதிவதே இல்லை என்பது அன்றைய கேள்வி. மஞ்சள் சீட்டு ஒன்றில், "மொத்த வியாபாரி தரும் பில்லைப் படம் எடுத்தால் போதும், இருப்பு தானாக ஏறட்டும்" என்று எழுதியிருந்தது. அன்று வந்ததில் நல்லது அதுதான். வாக்கெடுப்பில் அதற்கு விழுந்தது ஐந்து. திரையில் ஏதோ ஒரு பொத்தானின் நிறத்தை மாற்றச் சொன்ன நீலச் சீட்டுக்கு ஆறு. நீலக்காரர்கள் ஆறு பேர், மஞ்சள்காரர்கள் ஐந்து பேர் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பலகைகளைத் திறந்து பார்த்தால் நான்கு மாதமாக ஏறக்குறைய இதே கதை. ஒருமுறைகூட நேரில் சந்தித்திராத திருநெல்வேலிக்காரர் கோவைக்காக வாதாடிக்கொண்டிருந்தார்!

சமூக உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பள்ளிச் சிறுவர்களை, கிளே ஓவியம் பிடித்தவர்கள், காண்டின்ஸ்கி ஓவியம் பிடித்தவர்கள் என்று இரண்டாகப் பிரித்ததாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் இன்னார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாத அந்தப் பிள்ளைகள், காசைப் பங்கிடச் சொன்னபோது தன் பக்கத்துக்கே கூடுதலாகக் கொடுத்தார்கள். எதிர்ப்பக்கத்தைவிட அதிகம் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தன் பக்கத்துக்குக் குறைந்தாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. எங்களுக்கு ஓவியம்கூடத் தேவைப்படவில்லை. மறு வாரமே எல்லாச் சீட்டும் சாம்பல் நிறம் ஆனது. படம் எடுக்கும் யோசனையை மீண்டும் ஒட்டினோம், எட்டு வாக்கு.

ஊரும் இல்லை, பெயரும் இல்லை என்றான பிறகு வேறொன்று சரிந்தது. மூன்றாம் ஆண்டில் பதினொரு பேர் சேர்ந்து பதினான்கு சீட்டு எழுதிய புதன்கிழமைகள் உண்டு. பாதி, போன மாதத்துச் சீட்டின் நகல். நான் எழுதாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற எண்ணம் எனக்கே இருந்தது. கயிறு இழுப்பவர்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆளுக்கொரு இழுப்பின் பலம் குறைகிறது என்று பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கெல்மன் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அளந்து காட்டியிருக்கிறார். 1979இல் உளவியலாளர் லத்தானேயும் தோழர்களும் கைதட்டவும் கத்தவும் விட்டுப் பார்த்தபோதும் அதேதான்.

மேலாளர் பரிசுக் கூப்பன் அறிவித்தார். இரண்டு வாரம் எண்ணிக்கை ஏறியது, தரம் ஏறவில்லை. கைகொடுத்தது பலகையின் வலது ஓரத்தில் போட்ட ஒரு பத்திதான்: "இது என்ன ஆயிற்று?" வாக்கு முடிந்ததும், விரும்புகிறவர் தன் சீட்டில் பெயரை எழுதிக்கொள்ளலாம். அடுத்த புதன் அந்தச் சீட்டு எந்த நிலையில் இருக்கிறது, கைவிட்டிருந்தால் ஏன் கைவிட்டோம் என்று ஒரு வரி. யோசனை கைவிடப்பட்டவர்கள்கூட அடுத்த வாரம் எழுதினார்கள். பதிலே வராதபோதுதான் நிறுத்தியிருந்தார்கள்.

எழுதும்போது கேமராவை அணைத்துவிடுகிறோம். 2022இல் நேச்சர் அறிவியல் இதழில் புரூக்ஸ், லெவாவ் வெளியிட்ட ஆய்வின்படி, இருவர் இருவராகக் காணொளியில் சேர்ந்து யோசித்தவர்கள் நேரில் இருந்தவர்களைவிடக் குறைவான யோசனைகளையே தந்தார்கள். கண் திரையிலேயே ஒட்டிக்கொள்வதால் எண்ணமும் குறுகிவிடுகிறதாம். நல்லதைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை. அதனால் தேர்வின்போது மட்டும் முகம் பார்த்துப் பேசுகிறோம்.

ஐந்து பேருக்குக் குறைவான குழுவுக்கு இதற்குச் சந்தா கட்டுவது வீண். பகிர்ந்துகொண்ட ஓர் ஆவணமே போதும். எட்டு, பத்துப் பேர் பல ஊர்களில் இருந்தால் வாங்கலாம். நாங்கள் இந்த ஆண்டும் புதுப்பித்தோம். அண்மையில் வந்த புதுப்பிப்பு ஆளுக்கொரு நிறத்தைத் தானாகவே கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. ஒவ்வொரு புதனும் கூட்டம் தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாக உள்ளே போய், எல்லாவற்றையும் சாம்பலாக மாற்றுவது இப்போது என் வேலை.