குவாங்டோங் சூப்: பானையா, ஜாடியா?

தென்சீனாவின் குவாங்டோங்கில் உடம்புக்கு இதமான சூப்பை இரண்டு விதமாக வைக்கிறார்கள். பன்றி எலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தாமரைக் கிழங்கு, நிலக்கடலையோடு பெரிய பானையில் 2, 3 மணி நேரம் சிறுதீயில் விடுவது ஒன்று. கலங்கலாக, கெட்டியாக வரும். வீட்டில் எல்லோருக்கும் காணும், செலவும் குறைவு.

மூடிய பீங்கான் ஜாடியைக் கொதிநீருக்குள் இறக்கி வேகவிடுவது இன்னொன்று. உள்ளே கருங்கோழி, காய்ந்த சிவப்பு இலந்தை, கோஜி பெர்ரி என்ற சிறு சிவப்புப் பழம், இஞ்சி. சாறு ஆவியாகிப் போகாததால் தெளிவும் மணமும் அபாரம். ஆனால் கிடைப்பது சில கிண்ணம்தான். அப்புறம், வெளிப்பானையில் தண்ணீர் வற்றுகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு இரண்டுக்கும் கடைசியில்தான்.

அன்றாடத்துக்கு என் ஓட்டு பானைக்கே. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் இரண்டில் எதையும் அளவோடுதான் குடிக்க வேண்டும். நெடுநேரம் கொதித்த இறைச்சிச் சாற்றில், உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் அதிகம்.