கட்டளை வரியா, ஆப்ஷன் கோப்பா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் பேக்கப் வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் அடிக்கடி கேட்பது: ஐபிஎம் ஸ்டோரேஜ் ப்ரொடெக்ட் என்ற பேக்கப் மென்பொருளில் ஆப்ஷன்களைக் கட்டளையோடு தட்டுவதா, டிஎஸ்எம்.ஆப்ட் என்ற ஆப்ஷன் கோப்பில் எழுதி வைப்பதா? கையால் ஓட்டினால் ஒரு மாதிரி, ராத்திரி ஷெட்யூலில் வேறு மாதிரி என்று ஆனால்தான் இந்தக் கேள்வியே வரும்.

யார் சொல் எடுபடும்?
கட்டளை வரி: கோப்பில் இருப்பதை மீறும்.
கோப்பு: அதற்குக் கீழேதான். சர்வர் அட்மின் 'கட்டாயம்' என்று வைத்துவிட்டால் இரண்டுமே செல்லாது.

பிழைக்கு இடம்?
கட்டளை வரி: நிறையவே. வேர்டு ஆவணத்திலிருந்து நகலெடுத்தால் சின்னக் கோடு நீளக் கோடாகிவிடும். கண்ணுக்குத் தெரியாது, கட்டளை மட்டும் முரண்டு பிடிக்கும். அப்புறம் சப்டிர், அதாவது உள் ஃபோல்டர்களையும் சேர்க்கச் சொல்லும் ஆப்ஷன். நாம் குறிப்பிடும் கோப்புகளை மட்டும் எடுக்கும் செலக்டிவ் பேக்கப்பில் அது இயல்பாகவே 'நோ'. மறந்தால் உள் ஃபோல்டர்கள் சத்தமில்லாமல் விடுபடும். இதுதான் எனக்குப் பயம்.
கோப்பு: குறைவு. ஆனால் எந்த ஆப்ஷன் கோப்பைப் படிப்பது என்று சொல்லும் டிஎஸ்எம்_கான்ஃபிக் என்ற சூழல் மாறி (environment variable) வேறு கோப்பைக் காட்டினால், நீங்கள் திருத்துவது ஒன்று, ஷெட்யூலர் படிப்பது இன்னொன்று.

எது எங்கே முடியும்?
எந்தத் தேதி நிலவரம் வேண்டும் என்று சொல்லும் பிட்டேட் கட்டளை வரியில்தான். எதை பேக்கப்பில் விடவேண்டும் என்று சொல்லும் எக்ஸ்க்ளூட் விதிகள் அங்கே எடுபடாது, விண்டோஸில் டிஎஸ்எம்.ஆப்ட் கோப்பில் எழுதலாம், லினக்ஸ், யூனிக்ஸில் டிஎஸ்எம்.சிஸ் கோப்பில்.

சந்தேகம் வந்தால் முதலில் 'டிஎஸ்எம்சி குவெரி ஆப்ஷன்ஸ்' ஓட்டுங்கள். நடப்பு மதிப்புகள் தெரியும். அவசர ரீஸ்டோருக்குக் கட்டளை வரி சரி. தினசரி பேக்கப்புக்கு, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும் இடத்துக்கு, கோப்புதான்.