கரவன் உள்ளே புதுப்பிக்கக் கொடுக்கப் போகிறவர்கள் கவனம்

கொழும்பிலோ சுற்றுவட்டாரத்திலோ கரவன் (வாகனத்தின் பின்னால் கொழுக்கி போட்டு இழுத்துக்கொண்டு போகிற, உள்ளே படுத்துச் சமைக்கிற வண்டி) ஒன்றை வைத்துக்கொண்டு, உள்ளே கொஞ்சம் மாற்றி எடுப்போமே என்று கராஜ் தேடுகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். பெயர் போட மாட்டேன். முறைப்பாடு இன்னும் முடியவில்லை, இப்போது பெயர் சொன்னால் எனக்குத்தான் சிக்கல். பஸ்ஸுக்கும் லொறிக்கும் பொடி அடிக்கிற இடம், இப்போது கரவனும் செய்வதாக விளம்பரம் போடுகிறார்கள், அவ்வளவு போதும். இப்படிப்பட்ட இடங்கள் இப்போது ஒன்றிரண்டு அல்ல.

என்னுடையது இங்கிலாந்தில் செய்த பழைய ஒற்றை அச்சு கரவன், இங்கே வேலை முடிந்து நாட்டுக்குத் திரும்பிப் போன ஒருவரிடம் வாங்கியது. அவர்களும் நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் கதவு நடைபாதைப் பக்கமாகத் திறக்கும், இங்கே பாவிக்க அது பெரிய வசதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிடும்வரை இந்த மாதிரிப் பழைய சாமானுக்கு என்ன விலை சொன்னார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இருப்பதைத் திருத்திப் பாவிப்போம் என்றுதான் எல்லோரும் யோசித்தோம், அந்த யோசனையை நம்பித்தான் இந்தக் கடைகளும் முளைத்தன.

நான் கேட்ட வேலை பெரிதல்ல. கூரை மூலையில் மழைத்தண்ணீர் ஒழுகுவதை நிறுத்த வேண்டும், தரை மாற்ற வேண்டும், இன்னொரு பெட்டரி, கொஞ்சம் பெரிய தண்ணீர்த் தாங்கி, புது டயர் இரண்டு, அப்புறம் பிரேக் பிடிக்கும்போது முன்னால் கொழுக்கிப் பக்கம் வருகிற "டக்" சத்தம் என்னவென்று பார்க்க வேண்டும். இழுப்பது டபுள் கெப், அதில் ஒரு குறையும் இல்லை. முதலாளி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "யோசிக்காதீங்க அண்ணன், நாங்க எத்தனை பஸ் கட்டியிருக்கோம், இது சின்ன விளையாட்டு" என்றார். முடிவில் 485,000 ரூபாய் வாங்கினார், கையில் தந்த பில்லில் இருந்தது ஒரே ஒரு வரி: "கரவன் வேலை முழுவதும்".

எடுக்கப் போன அன்றைக்கு உள்ளே பார்த்தால் ஹோட்டல் அறை மாதிரி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். மர நிறத்தில் பளபளவென்று தரை, வெள்ளை அலுமாரி, விளக்கு வரிசை. அம்மா ஏறிப் பார்த்துவிட்டு நம்ம குசினியை விட வடிவு என்றார். பிரேக் வேலை செய்கிறதா என்று கேட்டேன். முதலாளியே வந்து கரவனின் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பையன்கள் இரண்டு பேரைத் தள்ளச் சொன்னார், அசையவில்லை. "பாருங்க அண்ணன், பாறை." இந்தக் காட்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இதையே காட்டுவார்கள்.

கல்பிட்டிக்குப் போக வெளிக்கிட்டோம். வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடை தாண்டும்வரை ட்ராஃபிக்கில் ஊர்ந்து போனதால் ஒன்றும் தெரியவில்லை. நீர்கொழும்பு கழிந்து புத்தளம் வீதி கொஞ்சம் திறந்ததும், நான் 60ஐக்கூடத் தாண்டாத நேரத்தில், தனியார் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு முந்தியது. பெரிய வாகனம் பக்கத்தால் போகும்போது காற்று முதலில் கரவனின் பின்பக்கத்தைத் தள்ளும், பிறகு முன்பக்கத்தை இழுக்கும், இது எந்தக் கரவனுக்கும் நடப்பதுதான், சரியாகப் பாரம் ஏற்றியிருந்தால் ஒரு சின்ன அசைவோடு அடங்கிவிடும். என்னுடையது அடங்கவில்லை. ஆட்டம் ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனது, கண்ணாடியில் பார்த்தால் கரவன் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை எதிர் வாகனம் வருகிற பக்கமும் எட்டிப் பார்க்கிறது, டபுள் கெப்பின் பின் சக்கரம் தரையில் நிற்கிறதா என்றே சந்தேகம். இதில் பிரேக்கை அழுத்தினால் கதை முடிந்துவிடும், அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாக இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இறங்கியது. பின் சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள் என்பதை மட்டும் சொல்லி இதை விடுகிறேன்.

20, 25இல் ஊர்ந்து திரும்பி வந்து, ஒறுகொடவத்தைப் பக்கம் கன்டெய்னர் ட்ரெயிலர் திருத்துகிற வயதான சிங்கள பாஸ் ஒருவரிடம் நண்பன் மூலம் காட்டினேன். அவர் உள்ளே ஏறவே இல்லை. வெளியே சுற்றி வந்து, முன்னால் குந்தி, கப்ளிங்கை, அதாவது இழுக்கிற வாகனத்தோடு பூட்டுகிற பகுதியை, தொட்டுப் பார்த்துவிட்டு, "யார் மாத்தயா இதை வெல்ட் பண்ணினது?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி கரவன்களில் வருவது ஓவர்ரன் பிரேக். இழுத்துக்கொண்டு போகிற வாகனம் பிரேக் பிடித்ததும் கரவன் தன் பாரத்தால் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளலில் கப்ளிங்கின் தண்டு உள்ளே போய், கீழே ஓடுகிற கம்பியை இழுத்து, கரவனின் சக்கரங்களில் பிரேக் பிடிக்க வைக்கும். அந்தத் தண்டு முன்னும் பின்னும் ஓட வேண்டும், அதுதான் அதன் வேலை. உள்ளே அந்த ஓட்டத்தை மென்மையாக்குகிற டம்பர் தேய்ந்தால் ஓட்டம் முரடாகி "டக்" என்று அடிக்கும். டம்பரை மாற்றினால் சத்தம் போய்விடும். இவர்கள் தண்டையே சுற்றிவர வெல்ட் பண்ணி இறுக்கிவிட்டார்கள். சத்தம் போய்விட்டது, பிரேக்கும் சேர்ந்து போய்விட்டது. ஹேண்ட் பிரேக் அதே கம்பியைத் தனியாக இழுப்பதால் அது மட்டும் நன்றாகவே பிடிக்கும், அதனால்தான் கராஜ் வாசலில் பாறை மாதிரி நின்றது. கரவன் கழன்றுவிட்டால் தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துவதற்கு ஒரு மெல்லிய பாதுகாப்புக் கேபிள் இருக்கும், அதையும் காணவில்லை. தேவையில்லாத கம்பி என்று வெட்டியிருப்பார்கள்.

இது பிரேக். ஆட்டத்துக்குக் காரணம் வேறு.

பாஸ் சொல்லித்தான் வீட்டுக் குளியலறைத் தராசைக் கொண்டுபோனேன். கரவனைச் சமதரையில் நிறுத்தி, கப்ளிங்கின் கீழே ஒரு கட்டையை நட்டு, கட்டை தராசில் நிற்க, கொழுக்கிப் பக்கம் இருக்கிற சின்னத் துணைச் சக்கரத்தை மேலே தூக்கினால் மூக்குப் பாரம், அதாவது கரவனின் முன்பக்கம் கொழுக்கியை அழுத்துகிற பாரம், தெரிந்துவிடும், இதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். ஐரோப்பியக் கரவன்களில் மொத்தப் பாரத்தின் 5 முதல் 7 சதவீதம் மூக்கில் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அமெரிக்க ட்ரெயிலர்களுக்கு 10 முதல் 15 என்பார்கள். என்னுடையது சாமானோடு 1,150 கிலோ வரும், ஆகவே 58க்கும் 80க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டியது 10 கிலோ. மூக்கு இவ்வளவு லேசாகி, பாரம் பின்னால் போனால் கரவன் ஆடத்தான் செய்யும்.

புதுத் தண்ணீர்த் தாங்கியைப் பின்பக்கக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள், 80 லீட்டர், அதாவது 80 கிலோ, அச்சிலிருந்து ஏறக்குறைய இரண்டு மீட்டர் பின்னால். கொழுக்கி அச்சிலிருந்து மூன்று மீட்டர் முன்னால். 80ஐ இரண்டால் பெருக்கி மூன்றால் பிரித்தால் 53, தாங்கியை நிரப்பிய உடனே மூக்கிலிருந்து 53 கிலோ காணாமல் போகிறது. இரண்டாவது பெட்டரியும் அதற்குப் பக்கத்தில்தான், ஏனென்றால் அங்கே இடம் இருந்ததாம். பஸ்ஸில் எங்கே இடமிருக்கிறதோ அங்கே வைக்கலாம், பஸ்ஸை யாரும் கொழுக்கி போட்டு இழுப்பதில்லை. பிள்ளைகள் விளையாடுகிற சீசோப் பலகையைப் பார்த்தவனுக்கு விளங்குகிற விஷயம் இது, பொடி கட்டுகிற தொழிலே செய்கிறவருக்கு விளங்கவில்லையா, அல்லது விளங்கியும் கவலையில்லையா என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினோம். "புது" டயரின் பக்கவாட்டில் டொட் என்ற எழுத்துகளுக்குப் பிறகு வருகிற கடைசி நாலு இலக்கம் 3516, அதாவது 2016இன் 35வது கிழமையில் செய்தது. பூ தேயவில்லை, கறுப்புப் பொலிஷ் வேறு போட்டிருந்தார்கள், ஆனால் ரப்பரில் கீறல் கீறலாக வெடிப்பு விழுந்திருந்தது. பெட்டரி டீப் சைக்கிள் (நீண்ட நேரம் வடிய விட்டுப் பாவிக்கிற வகை) என்று சொல்லிக் காசு வாங்கியது, லேபிளில் பெரிதாகப் போட்டிருந்தது சீசீஏ எண், அது எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுகிற பெட்டரிக்குச் சொல்கிற அளவு, அதை இரவு முழுக்க ஃபேனுக்கும் விளக்கிற்கும் வடிய விட்டால் கெதியாகச் செத்துவிடும். பெட்டரிக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு 12 வோல்ட்டில் 10 அம்பியர் அளவு ஓடும், அதற்குப் போட்டிருந்தது ஸ்பீக்கர் வயர் தடிப்பில் ஒரு வயர்.

கூரை ஒழுகலுக்கு அலுமினியப் பட்டியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பியூட்டைல் டேப் வைத்துத் திரும்பப் பூட்ட வேண்டும். இவர்கள் வெளியிலிருந்து பட்டிக்கு மேலாக சிலிக்கன் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பட்டிக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் மரச்சட்டத்தை ஊறவைத்துக்கொண்டிருந்தது, புது வோல்பேப்பரைப் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போகிறது. சிலிக்கன் ஒருமுறை படிந்த இடத்தில் வேறு எந்தப் பசையும் சரியாக ஒட்டாது, இப்போது அதைச் சுரண்டுவதே தனி வேலை.

எனக்கு உண்மையாகவே கை நடுங்கியது தரையைப் பார்த்தபோதுதான். அடுப்புக்குக் கீழே தரையில் சின்னத் துவாரங்கள் இருக்கும், வலை போட்டு. சமையல் காஸ் காற்றை விடப் பாரம் கூடியது, கசிந்தால் கீழே இறங்கித் தரையில்தான் தேங்கும், அது வெளியேறுவதற்குத்தான் அந்தத் துவாரங்கள். அம்மா வடிவு என்று சொன்ன அந்தத் தரையை அதன் மேலேயே ஒட்டி மூடிவிட்டார்கள். 2021 கடைசியில் நாடு முழுக்க காஸ் வெடித்த செய்திகளை வாசித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கவே பயந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் மூடிய பெட்டிக்குள் நாலு பேர் படுக்கிற இடத்தில் இதைச் செய்திருக்கிறார்கள்.

முதலாளிக்கு அழைத்தேன். முதலில் "ஸ்பீடா ஓட்டியிருப்பீங்க அண்ணன்" என்றார். பிறகு கரவன் பழசு என்றார். வெல்டிங் படம் அனுப்பியதும், சத்தத்தை நிறுத்தச் சொன்னது நீங்கள்தானே என்றார், அதற்கு மேல் என் நம்பரை எடுக்கவில்லை. நேரில் போனால் அவர் இல்லை, அங்கே நின்ற பையனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம் அவனை என்ன கேட்பது. பொலிஸில் பதிவு செய்தேன், காசு விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போங்கள் என்றார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 1977 என்ற நம்பருக்கு அழைத்தால் விபரம் சொல்வார்கள், ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், பொருள் வாங்கி அல்லது வேலை நடந்து மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், சமாதானம் பேசிப் பார்ப்போம் என்று இழுத்தடிக்கிறவர்களுக்கு இந்த மூன்று மாதம் நன்றாகத் தெரியும். அங்கே என் கையைக் கட்டிப்போட்டது அந்த ஒற்றை வரிப் பில். டயர் புதிது என்று எங்கே எழுதியிருக்கிறது? பெட்டரி என்ன வகை என்று எங்கே இருக்கிறது? ஆகவே வேலை தொடங்குமுன் ஒவ்வொரு சாமானையும் வகையோடும் விலையோடும் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் கரவனைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். கழற்றின பழைய சாமானைக் கேட்டு எடுங்கள். வேலை நடக்கும்போது போய்ப் படம் எடுங்கள், தரை ஒட்டுமுன் கட்டாயம். கடைசிக் காசைக் கொடுக்குமுன் தாங்கியை நிரப்பி அவர்கள் முன்னாலேயே மூக்குப் பாரம் பாருங்கள், வாகனம் இல்லாத வெறும் வீதியில் மெதுவாக இழுத்து பிரேக் அடித்துப் பாருங்கள், ஹேண்ட் பிரேக் நாடகம் வேண்டாம். கரவன் பின்னாலிருந்து தள்ளுவது போலத் தோன்றினால் அதன் பிரேக் பிடிக்கவில்லை.

தாங்கியை இப்போது அச்சுக்கு மேலே கொண்டுவந்தாயிற்று, பெட்டரியும் முன்னுக்கு வந்துவிட்டது, தராசு 70 காட்டுகிறது. தரைத் துவாரங்களைத் திறந்துவிட்டேன். வெல்டிங்கை அரைத்து எடுத்ததில் தண்டு கீறிப்போய்விட்டது, அதைத் தேய்த்துப் பாவிக்கலாம் என்று ஒருவர் சொன்னார், பாஸ் கூடவே கூடாது, முழு ஓவர்ரன் கப்ளிங்கையே மாற்று என்கிறார், நான் பாஸ் பக்கம். பஞ்சிகாவத்தையில் கடை கடையாகக் கேட்டுவிட்டேன், 50 மில்லிமீட்டர் பந்துக்குப் பொருந்துகிற வெறும் கப்ளிங் தலை இருக்கிறது, டம்பரோடு முழுதாக இல்லை. யாரிடமாவது இருந்தால், அல்லது பழைய கரவன் உடைக்கிற இடம் தெரிந்தால் சொல்லுங்கள், வந்து பார்த்து எடுக்கிறேன்.