முதல் வாசிப்புக்குச் சொல் தேட: ஒன்லுக்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒன்லுக் (OneLook) தளத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1996இலிருந்து இருக்கும் பழைய தளம் அது. பல ஆங்கில அகராதிகளை ஒரே இடத்தில் தேடலாம். அதைவிடப் பெரிய உதவி, நாம் கேட்கும் எழுத்துகள் உள்ள சொற்களை மட்டும் பொறுக்கித் தருவது. பணம் கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், போனிலேயே பார்க்கலாம்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டத்தின் வகுப்பு. அதில் அரும்பு எனப்படும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எஸ், ஏ, டி (டி ஃபார் டைகர்), ஐ, பி (பி ஃபார் பென்), என் என்ற ஆறு எழுத்துகளின் ஒலிகள் முதலில் வரும். அந்த ஆறும் நன்றாகப் பதிந்த பிள்ளைக்கு அடுத்து வேண்டியது, அதே எழுத்துகளால் மட்டும் ஆன சொற்கள். நடுவில் தெரியாத எழுத்து ஒன்று வந்தால் போதும், குழந்தை பக்கத்தில் உள்ள படத்தைப் பார்த்துச் சொல்லிவிடும். கேட்பவர்களுக்கு வாசிப்பது போலவே இருக்கும். உண்மையில் அங்கே எழுத்துக் கூட்டும் வேலை நடக்கவே இல்லை.

இந்த இடத்தில்தான் ஒன்லுக்கின் கூட்டல் குறி உதவுகிறது. தேடும் கட்டத்தில் மூன்று கேள்விக்குறிகள், ஒரு கூட்டல் குறி, அதை ஒட்டி அந்த ஆறு எழுத்துகள். ஒரு கேள்விக்குறி என்றால் ஓர் எழுத்து. கூட்டலுக்குப் பின் வருபவற்றைத் தவிர வேறு எழுத்து சொல்லுக்குள் வராது. பின், டின், சிட், டிப், ஆன்ட் என்று வந்து நிற்கும். கேள்விக்குறிகளை நான்காக்கினால் ஸ்பின் கிடைக்கும், ஐந்தாக்கினால் பெயின்ட், ஸ்டெயின். கடைசி இரண்டையும் நான் தள்ளிவைத்துவிடுவேன். ஏயும் ஐயும் சேர்ந்து வேறு ஒலி தருவது அப்புறம் வரும் பாடம்.

ஓர் அட்டையில் ஸ்பின் எழுதி நீட்டியபோது ஒரு பையன், "டீச்சர், இதுல எல்லா எழுத்தும் எனக்குத் தெரியும்" என்றான். ஒவ்வொரு ஒலியாகச் சேர்த்துத் தானே படித்தான். அந்த அட்டையில் படமே கிடையாது.

கழித்தல் குறியும் இதே அளவு முக்கியம். பி ஃபார் பால், டி ஃபார் டாக்: இந்த இரண்டு சின்ன எழுத்துகளையும் இடம் வலம் மாற்றிப் போடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. இரண்டும் கலந்து வரும் சொற்களை அவர்களிடம் கொடுத்தால் குழப்பம் கூடும். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துக்கும் இடம் விடும். அதனால் பால் பியின் இரு பக்கமும் நட்சத்திரம் போட்டு, கடைசியில் கழித்தல் குறியும் டாக் டியும் சேர்த்தால், பி இருந்து டி இல்லாத சொற்கள் வருகின்றன: பஸ், டேபிள், ராபிட். சில நாள் இவை மட்டும். பி கை பழகிய பிறகு குறிகளை மாற்றிப் போட்டு டியின் பட்டியல்.

ஹாஷ் குறி (#) மெய்யெழுத்துக்கு, அட் குறி (@) உயிரெழுத்துக்கு. ஹாஷ், அட், ஹாஷ் என்று தட்டினால் கேட், பென், சன் மாதிரியான சொற்கள் கொட்டும். அட் குறி ஒய்யையும் உயிராக எடுத்துக்கொள்ளும் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதே அமைப்பின் கடைசியில் ஓர் ஈ சேர்த்தால் கேக், டைம், நோஸ் எல்லாம் வரும், கூடவே ஹேவ், கம், லவ் என்று விதிக்கு அடங்காதவையும் வரும். இரண்டு தேடல்களைக் கமாவால் இணைக்கவும் முடியும். நான்கு கேள்விக்குறிகள், கமா, நட்சத்திரங்களுக்கு நடுவே எஸ்சும் எச்சும் என்று கொடுத்தால் ஃபிஷ், ஷிப், ஷாப், கேஷ் என நான்கெழுத்துச் சொற்கள். இரட்டைச் சாய்கோடு போட்டு எழுத்துகளைக் கலைத்துப் போடும் வசதியும் இருக்கிறது. லிசன் கொடுத்தால் சைலன்ட் வரும். அது பெரிய வகுப்புகளுக்கு நல்ல விளையாட்டு.

ஆனால் இதற்கு எழுத்துதான் கணக்கு, ஒலி கணக்கில்லை. சி, எச் இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்று கேட்டால் சேர் (நாற்காலி), ஸ்கூல், ஷெஃப் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும். ஈ, ஏ சேர்க்கை கேட்டால் சீயோடு பிரெட்டும் வரும். பிரித்து வைப்பது ஆசிரியர் வேலை. பல அகராதிகளிலிருந்து எடுப்பதால் சுருக்கப் பெயர்கள், எங்கும் புழங்காத சொற்கள், பிள்ளைகள் பார்க்கக் கூடாத சொற்கள் எல்லாம் கலந்தே இருக்கும். வகுப்பில் திரையை அப்படியே காட்டாதீர்கள். வீட்டில் உட்கார்ந்து, படித்துப் பார்த்து, பொருள் சொல்லக்கூடிய சொற்களை மட்டும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் சொல் தேடித் தரும் விளையாட்டுச் செயலிகள் நிறைய உள்ளன. நான் பார்த்தவை எல்லாம் விளையாட்டில் அதிகப் புள்ளி வாங்கும் சொல்லைத்தான் முன்னால் வைத்தன. எனக்கு வேண்டியது டின்னும் சிட்டும்.

முதல் முறை பயன்படுத்துகிறவர்கள் பெரிய பட்டியலுக்குப் போக வேண்டாம். உங்கள் வகுப்பில் மிகவும் பின்தங்கிய ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு, அவனுக்கோ அவளுக்கோ தடுமாறாமல் வரும் எழுத்துகளை மட்டும் கூட்டல் குறிக்குப் பின்னால் தட்டுங்கள். ஐந்து எழுத்துகள்தான் என்றாலும் சரி, அதில் ஓர் உயிரெழுத்து இருக்கட்டும்.