"றன்னிங் இன் நாங்களே செய்து தாறம்" என்றால் வண்டியை விட்டுவிட்டு வராதேங்கோ

யாழ்ப்பாணத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், இஞ்சின் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் பொறுமையாக வாசியுங்கோ. 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. திறந்த பிறகும் விலை கைக்கெட்டாத விலை. அதனால் பழைய லெவின், சிவிக், செலிக்கா எல்லாம் இஞ்சின் இறக்கிப் புதிதாகச் செய்யப்படுகின்றன. அந்த வேலையின் கடைசிக் கட்டமான றன்னிங் இன்னில்தான், அதாவது புதிதாகச் செய்த இஞ்சினை முதலில் ஓட்டிப் பழக்குவதில்தான், இந்த ஏமாற்று நடக்கிறது.

இப்படி மாட்டிய வண்டி ஒன்று ரொயோற்றா ஏஈ86 லெவின். இஞ்சின் 4ஏ-ஜிஈ: 1,587 சிசி, 81 மில்லிமீற்றர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 16 வால்வு. 0.50 மில்லிமீற்றர் ஓவர்சைஸுக்குப் போர் அடித்து (துளையைக் கடைந்து பெருப்பித்து), புதுப் பிஸ்ரன், அதைச் சுற்றிப் புது றிங், புது பெயரிங் போட்ட வேலை. லேத் வேலையில் ஒரு குறையும் இல்லை. பூட்டி முடிந்ததும் கராஜில் சொன்னது: "முதல் 500 கிலோமீற்றரை நாங்களே பக்குவமாக ஓட்டித் தாறம், நீங்கள் மினக்கெட வேண்டாம்." அதற்குத் தனிக் காசு. பில்லில் றன்னிங் இன் 500 கிலோமீற்றர், ஒயில் மாற்றியது இரண்டு தரம், பில்ரர் இரண்டு என்று எழுதியிருந்தது.

வண்டி திரும்பி வந்தபோது மீற்றரில் கூடியிருந்தது 14 கிலோமீற்றர். கேட்டதற்கு, "நிப்பாட்டி வைச்சு ஸ்ராட்டில விட்டது, இஞ்சினுக்கு அதுவும் ஓட்டம்தானே" என்று பதில். கொட்டிலுக்குள் முன்னால் ஒரு பெரிய மின்விசிறியை வைத்து, நாள் முழுக்க ஐட்லில் விட்டிருக்கிறார்கள். பில்ரரில் கொடுக்க முன்னர் போட்ட வெள்ளைப் பெயின்ற் கோடு அப்படியே இருந்தது. சம்பின் (அடியில் ஒயில் தேங்கும் தட்டு) நட்டுக்குக் கீழே இருந்ததும் நசிந்த பழைய வாசர்தான். ஆக, ஓட்டமும் இல்லை, ஒயில் மாற்றமும் இல்லை.

பிறகு வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அக்சிலேற்றரை விட்டுத் திரும்ப மிதித்தால் பின்னால் நீலப் புகை. 800 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் ஒயில். "ஓட ஓடச் சரி வரும்" என்றார்கள். அதுவும் சரிவராமல் போக, 20டபிள்யூ-50 ஒயிலை விட்டு, அதற்குள் தேன் மாதிரித் தடித்த ஏதோ ஒரு மருந்தையும் ஊற்றிக் கொடுத்தார்கள். சில நாள் புகை அடங்கும். இது நோயை மறைக்கிற வேலை. அந்தத் தடிப்பு ஒயில் குளிர் ஸ்ராட்டில் மேலே வால்வுகளைத் திறக்கிற காம் சாப்டுக்கு ஏறவே நேரம் எடுக்கும்.

ஐட்லில் விட்டால் ஏன் இப்படி ஆகிறது என்பதைத்தான் பலர் விளங்கிக்கொள்வதில்லை. போர் அடித்த பிறகு சிலிண்டர் சுவரில் ஹோன் கல்லால் குறுக்கும் மறுக்குமாகக் கீறல் போடுவார்கள். அந்தக் கீறலின் கூர் முனைகளில் உரஞ்சித்தான் றிங் தன் இடத்தைப் பிடிக்கிறது. றிங்கைச் சுவரோடு அழுத்துவது அதன் சொந்த ஸ்பிறிங் விசை மட்டும் இல்லை. எரிகிற வாயுவின் அழுத்தம் றிங்கின் மேலாலும் பின்னாலும் போய் வெளியே தள்ளுகிறது. இஞ்சின் பாரம் இழுக்கும்போதுதான் அந்த அழுத்தம் வரும், ஐட்லில் வராது. அழுத்தம் இல்லாத றிங் ஒயிலை வழித்துக் கீழே அனுப்பாமல் அதன்மேல் மிதக்கும். மிச்ச ஒயில் சூட்டில் கருகி, வார்னிஷாகிக் கீறலுக்குள் இறுகும். சுவர் மினுங்கிவிட்டால் பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீற்றர் ஓடினாலும் றிங் உட்காராது. இதற்கு மேல், ஐட்லில் ஒயில் பிரஷரும் குறைவு. எரியாத பெற்றோல் சுவரைக் கழுவிக்கொண்டு ஒயிலோடு கலக்கும்.

லெவினின் ஹெட்டைக் கழற்றியபோது நாலு சிலிண்டரும் முகம் பார்க்கலாம் போல மினுங்கின. ஹோன் கோடுகளைப் பழுப்புப் படை மூடியிருந்தது. கழற்ற முன்னர் எடுத்த கொம்பிறஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) நாலிலும் 135 முதல் 145 பிஎஸ்ஐ. ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப எடுத்தால் 170ஐத் தாண்டியது. ஒயில் விட்டதும் ஏறினால் கோளாறு றிங்கில். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கஸ்கெற்றையோ பாருங்கோ. "றிங் கொம்பனிப் பிழை" என்று யாராவது சொன்னால் முதலில் இந்தச் சோதனையை உங்களுக்கு முன்னால் செய்யச் சொல்லுங்கோ.

இனிச் சரியான முறை. முதல் ஸ்ராட்டுக்கு முன் பிளக் நாலையும் கழற்றி, பெற்றோலும் இக்னிஷனும் வராமல் செய்து, ஒயில் லைற் அணையும்வரை ஸ்ராட்டரால் விட்டு விட்டுச் சுற்றவேண்டும். காய்ந்த பெயரிங்கோடு ஸ்ராட் பண்ணுவது அத்தனை செலவையும் முதல் நிமிடத்திலேயே தின்றுவிடும். றேடியேற்றரில் காற்றுப் பூட்டு இருக்கக்கூடாது. ரைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) முன்னரே அண்ணளவாக வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் ஸ்ராட் ஆகாமல் நெடுநேரம் சுற்றினால் பெற்றோல் சுவரைக் கழுவிவிடும். ஸ்ராட் ஆனதும் 1,500க்கும் 2,000 ஆர்பிஎம்முக்கும் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்றும் சுற்று) இடையில் ஏற்றி இறக்கி, ஒழுக்குப் பார்த்து, இஞ்சின் வழமையான சூட்டுக்கு வரும்வரை விடுங்கோ. பிறகு ரைமிங் லைற்றால் சரிபார்த்துவிட்டு நேரே றோட்டுக்கு எடுங்கோ.

முதல் 30, 40 கிலோமீற்றர்தான் முக்கியம். எங்கட குடாநாட்டில் ஏற்றமே இல்லை, அதனால் பாரத்தைக் கியராலும் அக்சிலேற்றராலும்தான் உண்டாக்கவேண்டும். நாவற்குழியால் திரும்பிச் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் போகிற ஏ32 வீதி இதற்கு நல்லது. விடியப்புறம் வாகனம் குறைவு. இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மூன்றாம் கியரில் மணிக்கு 40 கிலோமீற்றரிலிருந்து 70வரை அக்சிலேற்றரை முக்கால்வாசி அமத்தி இழுங்கோ. பிறகு காலை முழுதாக எடுத்து, கியரிலேயே 40க்கு இறங்க விடுங்கோ. இழுக்கும்போது றிங் சுவரில் அழுந்தும். காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் உண்டாகி ஒயிலை மேலே இழுத்து உரஞ்சிய தூளைக் கழுவும். ஒரு பத்துத் தரம் செய்து, இடையிடையே சும்மா ஓட்டி ஆறவிடுங்கோ. இந்தக் கியர்ப்பெட்டியில் மூன்றாம் கியரில் 70 என்றால் 4,000 ஆர்பிஎம்முக்குக் கொஞ்சம் கீழே. வேகக் கட்டுப்பாட்டையும் மீறவில்லை, இஞ்சினையும் அடிக்கவில்லை. ஐந்தாம் கியரில் ஒரே 60இல் கிளிநொச்சிவரை போய் வருவதும் ஐட்லில் விடுவதன் தம்பிதான். அதற்குப் பெயர் பக்குவம் இல்லை.

முதல் ஒயில் மினரலாக இருக்கட்டும், 10டபிள்யூ-30 அல்லது 15டபிள்யூ-40. 50 முதல் 100 கிலோமீற்றருக்குள் ஒயிலும் பில்ரரும் மாற்றுங்கோ, திரும்ப 500 கிலோமீற்றரில், திரும்ப 1,500இல். ஒயில் குறைவது நின்ற பிறகே சிந்தெற்றிக். 500 கிலோமீற்றர்வரை 4,500 ஆர்பிஎம்மைத் தாண்டவேண்டாம். அதற்குப் பிறகு 500, 500 ஆர்பிஎம்மாகக் கூட்டிக்கொண்டு போகலாம். 1,500 கிலோமீற்றரில் இஞ்சின் குளிர்ந்திருக்க வால்வு இடைவெளி பாருங்கோ: இன்லெற் 0.15 முதல் 0.25, எக்ஸோஸ்ற் 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர். கழற்றிய பழைய பில்ரரை வெட்டி மடிப்பை விரித்துப் பார்க்கவேண்டும். சாம்பல் நிற மெல்லிய தூள் வழமை. காந்தத்தில் ஒட்டும் செதிளோ, செம்பு நிறத் துண்டோ கண்டால் வண்டியை ஓட்டாதேங்கோ.

புது வண்டிக்கு இத்தனை பாடு இல்லை. தொழிற்சாலையில் கீறலின் கூர் முனையை முன்னரே மட்டப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். கைநூல் சொல்வதைச் செய்தால் போதும். சுபாரு பிஆர்இஸட்டுக்கு முதல் 1,600 கிலோமீற்றர் 4,000 ஆர்பிஎம்மைத் தாண்டவேண்டாம் என்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5க்கு முதல் 1,000 கிலோமீற்றரில் ஒரே வேகத்தில் நெடுநேரம் போகவேண்டாம், முழு அக்சிலேற்றரில் கிளம்பவேண்டாம் என்கிறது. அதற்கும் "றன்னிங் இன் பக்கேஜ்" விற்க வருபவர்களிடம் காசைக் கொடுக்காதேங்கோ.

கராஜில் விடத்தான் வேண்டும் என்றால்: மீற்றரைப் படம் எடுங்கோ. பில்ரரிலும் சம்பின் நட்டிலும் பெயின்ற் கோடு போடுங்கோ, கோடு இரும்பிலும் தொட்டிருக்கவேண்டும். பழைய பில்ரரையும் வாசரையும் திருப்பிக் கேளுங்கோ. ஒயில் ரின்னை உங்களுக்கு முன்னால் உடைக்கச் சொல்லுங்கோ. தர மறுத்தால் வேலை நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மினுங்கிவிட்டதென்றால் பதறி இன்னொரு போர் அடிக்கச் சம்மதிக்காதேங்கோ. போர் வட்டமாகவும் அளவுக்குள்ளும் இருந்தால் 220 முதல் 280 கிறிட் கல்லால் திரும்ப ஹோன் பண்ணி, புது றிங்கும் கஸ்கெற்றும் போட்டால் போதும். றிங் வாய் இடைவெளியை (றிங்கின் வெட்டிய இரு நுனிகளுக்கும் இடையில் உள்ளது) போருக்குள் வைத்து அளக்கவேண்டும்; இந்தப் போர் அளவில், மேலே உள்ள றிங்குக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர். ஹோன் பண்ணியபின் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவ விடாதேங்கோ, கல்தூள் கீறலுக்குள்ளேயே நிற்கும். சுடுதண்ணியும் சவர்க்காரமும் பிறஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவி, உடனே ஒயில் பூசவேண்டும். லெவினுக்குச் செய்தது இதுதான். இப்போது புகையும் இல்லை, ஒயில் குடிப்பதும் இல்லை.

கொடுத்த காசு திரும்பவில்லை. பில் கையில் இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருளுக்கு மட்டும் இல்லை, சேவைக்கும் பொருந்தும். முறைப்பாட்டை எழுத்தில், சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அவர்களின் தொலைபேசி 1977. "ஓட ஓடச் சரி வரும்" என்று சொல்லி நாளைக் கடத்தினால் போவது அந்த மூன்று மாதம்தான். ஆகவே புகை கண்ட கிழமையே கொம்பிறஷன் எடுத்து, அளவுகளை எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கோ.